பேரின்பநாயகத்தின் ஐரிஷ் கொப்பி

பேரின்பநாயகம் பயந்த மனிதர். இதை நான் சொன்னால் அவர் கோபிக்க மாட்டார், அவரே ஒப்புக்கொள்ளும் விஷயம்தான். கடிதம் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். கதவுமணி அடித்தால் முதலில் சட்டைப் பொத்தானைப் பூட்டுவார், பிறகுதான் யாரென்று கேட்பார். இத்தாலியில் பலெர்மோ நகருக்கு வந்து இருபத்தொரு வருடமாகிவிட்டது. லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோரா ஸ்ரெல்லா என்ற எண்பத்தெட்டு வயதுப் பெண்மணியின் வீட்டில் வேலை. வீட்டைத் துடைத்து, சமைத்து, நேரத்துக்கு மருந்தெடுத்துக் கொடுத்து, பின்னேரம் சக்கர நாற்காலியில் வெளியே தள்ளிக்கொண்டு போய் வருவார். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. வாய் திறக்க வேண்டிய இடம் வந்தால்தான் மனிதர் செத்துப்போவார்.

இப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டாம் வயதில் ஐரிஷ் மொழி படிக்கத் தொடங்கினார் என்றால், அது ஆசையால் அல்ல என்று உங்களுக்கு விளங்கும்.

மனைவி ரதிக்கும் மகள் துசானிக்கும் இத்தாலியப் பாஸ்போட் கிடைத்துவிட்டது. ரதியின் தமையன் அயர்லாந்தில், டப்ளினில் இருக்கிறார். துசானி அங்கே மேலே படிக்கலாம், ரதிக்கும் வேலை பார்த்து வைத்தாயிற்று, ஓகஸ்ட் மாதம் புறப்படுவது என்று முடிவு. பேரின்பநாயகமும் ரதியின் கணவன் என்ற காகிதத்தோடு கூடப் போகலாம். மற்ற இருவருக்கும் ரிக்கற் போட்டாயிற்று. அவருடையது மட்டும் போடப்படவில்லை. “சிஞ்ஞோராவுக்கு வேறை ஆளைப் பிடிச்சுக் குடுத்திட்டுப் போடுவம்” என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மனதில் நெருப்பை வைத்தவன் மன்னார் றோபேட். சிஞ்ஞோராவின் கட்டடத்திலேயே கீழ்வீட்டில் வேலை செய்பவன். ஒரு கலியாணத்துக்கென்று நாலு நாள் டப்ளினுக்குப் போய்வந்ததில் அந்த நாட்டையே அளந்து முடித்துவிட்டான்.

“அண்ணை, அங்கை வேறை ஒரு பாஷை இருக்கு, தெரியுமோ?”

“இங்கிலிஷ்தானே?”

“அது கீழை. பஸ்ஸிலை, றோட்டிலை, எயார்போட்டிலை எல்லாம் மேலை ஐரிஷ் எழுதிக் கிடக்கு. பிறகுதான் இங்கிலிஷ். மேலை இருக்கிறதுதானே அவங்கடை அரசாங்கப் பாஷை!”

றோபேட் அதைச் சொல்லிவிட்டுக் குப்பையைக் கொட்டப் போய்விட்டான். பேரின்பநாயகம் அதை அப்படி விடவில்லை. சிஞ்ஞோரா கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் நின்று ஃபோனில் தேடினார். ஐரிஷ்தான் அந்த நாட்டின் முதலாவது அரச மொழி என்று ஃபோனும் சொன்னது. அதற்கு மேல் வாசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வேறு நாட்டவன் ஒருவன் இதை வாசித்திருந்தால் ‘அப்படியா’ என்று விட்டிருப்பான். அரச மொழி தெரியாதவனுக்கு என்ன நடக்கும் என்று பேரின்பநாயகத்துக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இருபத்துமூன்று வயதில் வவுனியாச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் சிங்களத்தில் எதையோ கேட்டான். இவருக்குப் பதில் வரவில்லை. மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. இவரைச் சுடுவெயிலில் முழங்காலில் இருத்தி வைத்தான். என்ன கேட்டான் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. பெயரைக் கேட்டிருக்கலாம்.

இத்தாலியும் தன் பங்குக்குக் கொடுத்தது. குடியுரிமைக்கான மொழிப் பரீட்சையில் அவர் இரண்டு தரம் கோட்டை விட்டவர். இரண்டு தரமும் விழுத்தியது ஒரே இடம். எழுத்து வேலையெல்லாம் ஒருமாதிரித் தாண்டிவிடுவார். வாய்மொழிப் பரீட்சையில் சிரித்த முகத்தோடு ஒரு பெண் கேட்டாள், கடைசியாகப் பார்த்த படம் எது, நாடகம் பார்ப்பீர்களா, என்ன இசை பிடிக்கும் என்று. பிளீச்சுக்கும் தும்புத்தடிக்கும் பிரஷர் மாத்திரைக்கும் காஸ் பில்லுக்கும் அவரிடம் இத்தாலியன் இருந்தது. படத்துக்கும் பாட்டுக்கும் இல்லை. நகரத்தின் பெரிய நாடக அரங்கைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறார். அதன் படியில் ஒரேயொரு தரம் இருந்திருக்கிறார், சப்பாத்து நூல் கட்ட.

ஆகவே ஐரிஷை அவர் வணக்கத்திலிருந்தோ எண்களிலிருந்தோ தொடங்கவில்லை. விழுந்த பாடத்திலிருந்தே தொடங்கினார். கலையும் பொழுதுபோக்கும். நாற்பது பக்கக் கொப்பியொன்று வாங்கி, ஃபோனில் ஒரு பெண் உச்சரிப்பதைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டார். கியோல் என்றால் இசை. ஸ்கனான் என்றால் படம். அவ்றான் என்றால் பாட்டு. நாடக அரங்குக்கு அவர்க்லன். இஸ் மா லும் கியோல், எனக்கு இசை பிடிக்கும். பிடிக்குமா என்று அவரை யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டதில்லை. அதற்கெல்லாம் அவகாசம் எங்கே? நிலத்தைத் துடைத்தபடி ‘ஸ்கனான், ஸ்கனான்’ என்று முணுமுணுத்தார். தக்காளி வெட்டும்போது ‘அவர்க்லன்’ என்றார். காலையில் பாடமாயிருந்தது மத்தியானம் மறந்துபோகும். மறந்ததும் ஃபோனை எடுத்து அந்தப் பெண்ணைத் திரும்பக் கேட்பார்.

ஜூலை நடுப்பகுதியில் நிலைமை மோசமானது. சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் டப்ளின் எயார்போட்டில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அதிகாரி. ரதியும் துசானியும் அந்தப்பக்கம் போய்விட்டார்கள், அவரை மட்டும் மறித்து, எந்த நாடகம் பார்த்தாய் என்று அதிகாரி கேட்கிறான். அவருக்குச் சொல் வரவில்லை. ரதி திரும்பிப் பார்க்கிறாள். திடுக்கிட்டு விழித்துத் தலையணைக்குக் கீழே கொப்பியைத் தடவுவார். வீட்டில் இதை ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டாம் தரம் தவறியபோது ரதி அழுதது அவருக்கு நினைவிருந்தது.

கடைசியில் காட்டிக்கொடுத்தது சிஞ்ஞோரா. ‘உன் புருஷன் சுவரோடு கதைக்கிறான், என்ன பாஷை என்றும் தெரியவில்லை, டொக்டரிடம் காட்டு’ என்று ரதிக்கே ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டு வேலைக்காரர்களுக்கு லீவு. அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்குப் பேரின்பநாயகம் வந்து சேர்ந்தபோது மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. பக்கத்தில் ரதி. ஜன்னலோரம் துசானி.

“இஞ்சருங்கோ, இது என்ன? மந்திரமோ?” என்றாள் ரதி. “எனக்கு ஈரக்குலை துடிச்சுப் போச்சு. சுகமில்லையெண்டாச் சொல்லுங்கோவன்.”

“ஐரிஷ்” என்றார்.

“என்னத்துக்கு?”

“எயார்போட்டிலை கேப்பாங்கள்.”

துசானிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “மா கே தீச்சி, அப்பா! என்ன சொல்லுறியள்?” என்று பாதி இத்தாலியனில் கத்திவிட்டுச் சிரித்தாள். “அங்கை ஒருத்தரும் கேக்க மாட்டினம். மாமா பதினொரு வருசமா இருக்கிறார், அவருக்கே ஒரு சொல்லும் தெரியாது. அந்த ஊர்ச் சனத்திலையே கனபேர் இங்கிலிஷ்தான் கதைக்கிறவை. உங்களுக்கு ஒரு சோதனையும் இல்லை.”

ரதியும் சிரித்தாள். பயம் தெளிந்த சிரிப்பு. பேரின்பநாயகமும் சிரித்திருக்க வேண்டும். அவரோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோதனை இருக்கும்வரை அவருக்கு ஒரு வழி இருந்தது. அதில் தவறியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள், தெரிந்த நகரத்துக்கே வந்திருக்கலாம், ஒருவரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. இப்போது அந்த வழி அடைபட்டுப் போயிற்று. அடைபட்டபோதுதான் தான் இவ்வளவு நாளும் எதைக் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று அவருக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

ரதி சிரிப்பை நிறுத்தினாள். இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள், முகத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டாள்.

“உங்களுக்கு எங்களோடை வர விருப்பமில்லையோ?”

“விருப்பமில்லையெண்டு இல்லை, ரதி.” என்றார். “பயமாக் கிடக்கு. இஞ்சை எந்தக் கந்தோர் எங்கை எண்டு பழகவே இருவது வருசம் போட்டுது. இன்னொருக்கா முதல்லையிருந்து ஊமை மாதிரி நிக்க என்னாலை ஏலாது. பொலிஸ் குவெஸ்தூராவிலை, ஆசுப்பத்திரியிலை, பள்ளிக்கூடத்திலை எல்லா இடமும் கதைச்சது நீர். வாய் திறக்காத மனிசனை அங்கையும் இழுத்துக்கொண்டு போய் என்ன செய்யப் போறீர்? நீரும் பிள்ளையும் போங்கோ. நான் இஞ்சை கிடக்கிறன்.”

கீழே பல்லரோ சந்தையில் ஒருவன் வாள்மீனைக் கூவி விற்றுக்கொண்டிருந்தான். ரதி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

“கதைச்சது நான்தான்” என்றாள். “ஆனா எனக்குப் பயமில்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? விசாப் பெர்மெஸ்ஸோவுக்குப் போய் நிக்கேக்கை நம்பரைக் கூப்பிட்டவுடனை எனக்கு நாக்கு வறண்டு போகும். ஒருக்காத் திரும்பிப் பாப்பன். நீங்கள் ஃபைலை நெஞ்சோடை கட்டிப்பிடிச்சுக்கொண்டு பின்னாலை நிப்பியள். அதைப் பாத்திட்டுத்தான் எனக்குச் சொல்லு வரும். பின்னாலை ஆளில்லாட்டி நான் என்னத்தைக் கதைக்க?”

பேரின்பநாயகம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் நின்று ரதி திரும்பிப் பார்த்த ஒவ்வொரு தடவையும், தன்னைப்போல ஒரு ஊமையைக் கட்டிய எரிச்சலில் பார்க்கிறாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார்.

துசானி மெல்ல ஃபோனை எடுத்தாள்.

“அப்பா, உங்கடை ரிக்கற்றையும் போடட்டோ?”

அவர் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டைக் கொண்டுவந்தார். பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். உள்ளங்கை வேர்த்து, பாஸ்போட் மட்டையில் ஈரம் பட்டிருந்தது. துசானி இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

“நல்ல காலம், எங்கடை வரிசையிலையே மற்றச் சீற் இன்னும் கிடக்கு. மூண்டு பேரும் ஒண்டா இருக்கலாம். அதைப் போடட்டோ?”

“வேண்டாம், பிள்ளை” என்றார் பேரின்பநாயகம். “அம்மாவுக்கு நேர பின்னாலை இருக்கிறதைப் போடு.”