ரோடா வானெக்கும் ஒரு பித்தளை அடிபம்பும்

ரோடா வானெக்கின் கைகளை ஒரு முறை பார்த்தவர்கள் அவளிடம் வம்புக்குப் போக மாட்டார்கள். நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றங்கரை மாட்டிறைச்சி ஆலையில் பாதி ஆயுள் கத்தி பிடித்த கைகள் அவை. அதற்கு முன்னாலேயே அவை அடிதடிக்குப் பழகியிருந்தன. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்த அப்பனின் மூக்கை உடைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பையோடு வீட்டைவிட்டு வெளியேறியவள் அவள். பிறகு கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் புருஷனின் தோள் எலும்பு முறிந்தது. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனவன்தான், திரும்பவே இல்லை.

"நல்ல மனுஷன்தான். என் கோவத்துக்குக் குறுக்க வந்துட்டான்" என்று அவனைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வாள். வருத்தப்படுகிறாளா இல்லையா என்று யாருக்கும் விளங்காது.

மணிக்கட்டு விட்டுப்போய் ஆலையை விட்டு நின்றதும், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பழைய கேம்பர் வண்டி ஒன்றை வாங்கினாள். அறுபதுகளில் செய்தது. தகரக் கூடு, உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சிங்க். ஊர் ஓரத்தில், இப்படிப்பட்ட வண்டிகளையே வீடாக்கி ஜனங்கள் வாழும் டிரெய்லர் குடியிருப்பில் அதை நிறுத்திக் குடியேறினாள். வடக்கே, மணல்மேடுகளுக்கு நடுவில் இருக்கும் ஏரிக்கரைக்கு அதை இழுத்துப் போய், மனித முகமே பார்க்காமல் கிடக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அங்கே கரண்டும் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. வண்டிக்குள் இருந்த அடிபம்பு வேலை செய்தால்தான் ஆயிற்று.

சிங்க்கின் ஓரத்தில், கை நீளம்கூட இல்லாத பித்தளைப் பம்பு. பெஞ்சுக்கு அடியில் இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீரை இழுக்க வேண்டியது. களிம்பேறிப் பச்சையாக நின்றது. கைப்பிடி அசையவில்லை. ரோடா முதலில் செய்தது, சுத்தியலை எடுத்து அதைச் சாத்தியதுதான். பம்பு அப்படியே நின்றது. சிங்க் பலகைதான் இரண்டாகப் பிளந்தது.

"சரி, உன் வழிக்கே வரேன்" என்று பம்பைத் திட்டிவிட்டு, அதைக் கழற்றி வினிகரில் ஊறப் போட்டாள்.

அடுத்த வண்டியில் டெல்மர் என்பவனும் அவன் மனைவி மார்லிஸும் இருந்தார்கள். டெல்மர் அதே ஆலையில் சரக்கு ஏற்றுகிறவன். மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மெலிந்த உடம்பு, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் ஒரு நாய் படுக்கிற அகலம்தான் இடைவெளி. அந்த இடத்தில் அவர்களுடைய நாய்தான் படுத்திருக்கும். டெல்மரின் வண்டிக்குள் விழுகிற ஒவ்வோர் அடியும் ரோடாவின் தகரச் சுவரில் கேட்கும். முதலில் அவன் குரல் ஏறும். பிறகு ஏதாவது உடையும். பிறகு உடம்பு சுவரில் மோதும் சத்தம். அந்தக் கடைசிச் சத்தம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

ஒருநாள் அவள் ஜன்னலைத் திறந்து கத்தினாள். "டேய் டெல்மர்! இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா, தோலை உரிச்சுக் கொக்கியில தொங்க விட்டுருவேன். எனக்கு அது தொழில்!"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ கெழவி! உன் புருஷன் ஏன் ஓடினான்னு ஊருக்கே தெரியும்" என்று பதில் வந்தது. குடியிருப்பில் யாரோ சிரித்தார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம், ரோடா பம்பைப் பிரித்து மேஜையில் பரப்பியிருந்தாள். பைப் ரெஞ்சைப் போட்டு மூடியைத் திருகியதும், உள்ளிருந்த தோல் வாஷர் கருகிய ரொட்டித் துண்டுபோல் பொலபொலவென்று உதிர்ந்தது. அதுதான் தண்ணீரை மேலே இழுக்கிற பாகம். அடியில் இருந்த வால்வுக் குண்டு சுண்ணாம்பு பூத்து ஒட்டிக்கிடந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு மார்லிஸ் உள்ளே வந்தாள். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது.

"தண்ணி... கொஞ்சம் தண்ணி குடுங்க ரோடா. வாய் கொப்புளிக்கணும்."

"பம்பு பிரிஞ்சு கெடக்கு பாரு. இரு, வெளிய குழாயில புடிச்சிட்டு வரேன்."

அவள் எழுவதற்குள் டெல்மர் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டான். வந்த வேகத்தில் மேஜையை உதைத்தான். பித்தளைத் துண்டுகள் தரையெல்லாம் சிதறின.

"வீட்டுக்கு வாடி" என்றான் மனைவியிடம். ரோடாவைப் பார்த்து, "நீ நகரு" என்றான்.

"வாசல்ல நின்னு கேளு. பதில் சொல்றேன்" என்றாள் ரோடா.

அவன் குத்தினான். அவளுக்குக் கண் இருண்டது; ஆனால் விழவில்லை. அடி வாங்கினால் அவளுக்குள் எல்லாம் அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் அவளிடம் இருந்ததிலேயே மோசமான விஷயம். பைப் ரெஞ்சால் அவன் முட்டியில் ஒன்று போட்டாள். அவன் மடங்கியதும் தாடையில் ஒன்று. எலும்பு விடுவது கையில் தெரிந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்து ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டு முஷ்டியால் தொடர்ந்தாள். அவன் கை தரையைத் தட்டியது. போதும் என்று சொல்வதுபோல. அவள் நிறுத்தவில்லை. அவனுடைய முகம் இருந்த இடத்தில் அவள் அப்பன் முகமெல்லாம் தெரியவில்லை. யார் முகமும் தெரியவில்லை. நிறுத்த வேண்டும் என்றே தோன்றவில்லை.

அப்போது இடது காதின்மேல் ஏதோ வெடித்தது.

திரும்பிப் பார்த்தபோது மார்லிஸ் நின்றிருந்தாள். கையில் அடிபம்பின் கைப்பிடி, வளைந்து.

"விடு! செத்துருவான்! அவன விடு!" என்று அலறி, மறுபடியும் ஓங்கினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. மார்லிஸ் டெல்மரின் கையைப் பிடித்தபடி அதில் ஏறிக்கொண்டாள். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்த ஹாஸ்கல் என்பவன் ரோடாவின் கையில் விலங்கு மாட்டும்போது, சங்கடத்தோடு சொன்னான்.

"நீங்கதான் அவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு அடிச்சீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுது, ரோடா."

"என்ன சொல்ற? இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தக் காது கேக்கல."

கடைசிவரை அந்தக் காது கேட்கவில்லை. குளிர்காலம் முழுவதையும் மாவட்டச் சிறையில் கழித்தாள். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. தட்டைப் பிடுங்க வந்த ஒருத்தியின் விரலை ஒடித்தாள். அதற்குத் தண்டனையாகத் தனியறை கிடைத்தது. அது பிடித்திருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

பனி உருகும் சமயத்தில் திரும்பி வந்தாள். வண்டியின் ஜன்னல்கள் எல்லாம் உடைந்திருந்தன. யார் உடைத்தது என்று கேட்கத் தேவையில்லை. பக்கத்து வண்டியில் திரை விலகி மூடியது. ரோடா அட்டையை வைத்து ஜன்னல்களை அடைத்துவிட்டு, தரையில் தவழ்ந்து பம்பின் பாகங்களைப் பொறுக்கினாள். வால்வுக் குண்டு அடுப்புக்கு அடியில் கிடந்தது.

ஆலையில் கட்டியிருந்த தன் பழைய இடைவாரிலிருந்து வட்டமாக ஒரு துண்டு தோலை வெட்டினாள். வெந்நீரில் ஊறவைத்து, ஒரு குழாய்த் துண்டுக்குள் அழுத்திக் கிண்ணம்போல் வளைத்துக் காயவிட்டாள். பிறகு தோலைப் பதமாக்கும் மாட்டுக்கால் எண்ணெயில் ஊறப் போட்டாள். குண்டு உட்காருகிற இடத்தைப் பற்பசை தடவித் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினாள். அறைந்தால் நகராத விஷயங்கள் அவளுக்குப் புதிது. இரண்டு முறை கோபத்தில் எல்லாவற்றையும் வெளியே வீசினாள். இரண்டு முறையும் போய்ப் பொறுக்கிவந்தாள். தன் மண்டையில் வளைந்த கைப்பிடியை இடுக்கியில் பூட்டி நிமிர்த்தினாள்.

பம்பை மாட்டி, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அடித்தாள். காற்று இழுத்தது. மறுபடி அடித்தாள். துருநிறத்தில் ஒரு கொப்பளிப்பு வந்து, பிறகு சுத்தமாக, சில்லென்று, கைப்பிடிக்கு ஏற்றபடி தண்ணீர் விழுந்தது. தொட்டி காலியாகும்வரை அடித்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை தொட்டியை மறுபடி நிரப்பிவிட்டு, ஏரிக்குக் கிளம்புவதற்காகத் தன் பிக்கப்பில் வண்டியைக் கொக்கி போட்டுக்கொண்டிருந்தபோது, மார்லிஸ் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். முன்பல் இருந்த இடம் காலியாக இருந்தது.

"நாயக் கொன்னுட்டான் ரோடா. என் கண்ணு முன்னாடி, மண்வெட்டியால. அடுத்தது நான்தான்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிருக்கான்."

ரோடா அவளை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். மார்லிஸ் சேற்றில் விழுந்தாள்.

"இது என் காதுக்கு" என்றாள் ரோடா. "அந்தப் பொய்க்கு என்ன செய்யறதுன்னு இன்னும் யோசிக்கல. உள்ள போய் மூஞ்சியக் கழுவிட்டு வா. பம்பு அடிச்சா தண்ணி வரும்."

வண்டி குடியிருப்பின் வாசலுக்குப் போகும் முன்பே டெல்மர் எதிரே வந்துவிட்டான். யாரோ ஆலைக்குப் போன் செய்திருக்க வேண்டும். கையில் கடப்பாரை. ஒரே அடியில், பிக்கப்பில் ரோடாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மார்லிஸ் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கியது. அவன் கையை உள்ளே விட்டு அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து இழுத்தான். அவள் கழுத்து உடைந்த கண்ணாடியில் உரசியது. ரோடா நிறுத்தவில்லை, மெல்ல முன்னால் நகர்த்தினாள். அவன் முடியை விடாமல் கூடவே ஓடிவந்தான். வாசல் குறுகல். இரும்புத் தூணுக்கும் பிக்கப்பின் கதவுக்கும் நடுவில் அவன் இடுப்பு மாட்டியது. உள்ளே ஏதோ விறகுபோல் முறிந்தது. அவன் போட்ட கூச்சலில் வண்டிகளின் கதவுகள் எல்லாம் திறந்தன.

ரோடாவின் கால் ஆக்ஸிலேட்டரின் மேல் இருந்தது.

"மிதி" என்றாள் மார்லிஸ். முடி இன்னும் அவன் பிடியில் இருந்தது. கழுத்திலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. "மிதி ரோடா! இந்தத் தடவை நான் தடுக்க மாட்டேன். மிதிச்சுத் தொலை!"

பழைய அமைதி ரோடாவுக்குள் இறங்கிவிட்டிருந்தது. கால் மட்டும் அசைந்தால் போதும். அவள் டெல்மரின் கண்ணைப் பார்த்தாள். பிறகு மார்லிஸின் கண்ணைப் பார்த்தாள். அங்கேயும் அதே அமைதி வந்து உட்கார்ந்திருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பி வெளியே எடுத்தாள்.

"வேண்டாம். ஜெயில் சாப்பாடு எனக்கு ஒத்துக்கல. உனக்கும் ஒத்துக்காது" என்றாள். கை எட்டி, டெல்மரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முடியை விடுவித்தாள். கடைசி விரலைக் கொஞ்சம் அதிகமாகவே பிரித்தாள்.

இந்த முறை ஹாஸ்கல் வந்தபோது மார்லிஸ் நடந்ததைச் சொன்னாள். போன இலையுதிர் காலத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னாள். குடியிருப்பில் பாதிப்பேர் வாசலில் நின்று பார்த்திருந்ததால் மாற்றிச் சொல்ல ஆளில்லை. டெல்மர் ஊன்றுகோலோடு கோர்ட்டுக்குப் போனான். அங்கிருந்து பெரிய சிறைக்குப் போனான்.

அந்தக் கோடையை இரண்டு பெண்களும் ஏரிக்கரையில் கழித்தார்கள். சிநேகிதம் என்று அதைச் சொல்ல முடியாது. ரோடாவுக்கு வாய் கசப்பு; மார்லிஸ் ஒரு கதவு சாத்தினாலும் துள்ளுவாள். ஒருநாள் சாயங்காலம், மீனைத் தீய்த்துவிட்டாள் என்று ரோடா விடாமல் திட்டிக்கொண்டே இருந்தாள். மார்லிஸ் சட்டென்று தட்டை எடுத்து அவள் தலையைக் குறிவைத்து வீசினாள். வீசிய உடனே சுவரோடு ஒண்டி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

அடி விழவில்லை. ரோடா குனிந்து பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"குடிச்சிட்டு வாத்துச் சுடறவன்கூட உன்னவிட நல்லாக் குறி பாப்பான்" என்றாள். "இன்னொரு தட்டு இருக்கு. அதுலதான் நாம ரெண்டு பேரும் சாப்பிடணும். அதயும் எறியறதுன்னா, சாப்பிட்டுட்டு எறி."