சந்தனம் அடைத்த இன்ஜின்

நேற்று ஒரு டிராக்டர் கொட்டகையில் டீசல் வாடையும் சந்தன வாசனையும் கலந்து வந்ததும், 1940களின் தொடக்கத்தில் கோம்பையில் எங்கள் கொடிக்கால் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த இன்ஜின் நினைவுக்கு வந்தது. ஆயுதபூஜைக்கு மறுநாள் அது கொஞ்சம் ஓடுவதும் இருமி இருமி நிற்பதுமாக இருக்க, வெற்றிலைக் கொடிகள் வாடத் தொடங்கின. பைப்பைக் கழற்றி ஊதிச் சலித்துப்போன அப்பாவுக்கு, தினமும் இன்ஜினைத் துடைத்து எண்ணெய் விடும் அத்தை, டேங்க் மூடியில் பூஜையன்று அவர் அப்பியிருந்த சந்தனத்தைக் காட்டினாள்.

"காத்து போற ஓட்டையை அடைச்சா டீசல் எப்பிடிண்ணே இறங்கும்? உங்க மூக்குல அப்பினாத் தெரியும்!"

அத்தை ஈர்க்குச்சியால் குத்தியதும் மூடி உஸ்ஸென்று மூச்சு வாங்கியது. அவளே கிளப்பிய இன்ஜின் சாயங்காலம்வரை நிற்கவில்லை, கொடிக்கால் முழுக்க நனைந்தது. கோம்பையில் இன்ஜின் ஓட்டிய முதல் பெண் என் அத்தைதான் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை.