பாறை சுட்டது, அவளுக்குத் தெரியவில்லை

நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் செகந்திராபாதில் லேத் பட்டறை வைத்து, சொந்த உழைப்பில் மூன்று வீடு கட்டியவன். என்னையே ஒருத்தன் முட்டாளாக்கினான்.

போன கோடையில், ஊரிலிருந்து வந்த மச்சினனோடு நானும் மனைவியும் நகருக்கு வெளியே ஒரு இடிந்த மலைக்கோட்டைக்குப் போனோம். சுற்றிலும் கள் இறக்கும் தோப்புகள்.

"உச்சியில சாமி இருக்கு மாமா, செருப்போட ஏறாதீங்க. கழட்டுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றான் மச்சினன். கழற்றி அவனிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஏறினோம்.

இறங்கும்போது நல்ல உச்சி வெயில். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. நான் குதித்துக் குதித்து ஓடினேன். சர்க்கரை நோய் உள்ள என் மனைவியோ நிதானமாக நடந்து வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் சுடலையே! நீங்க ஏன் இப்படிக் குதிக்கறீங்க?" என்று சிரித்தாள்.

அடிவாரத்தில் பார்த்தால் அவள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்! சர்க்கரையால் கால் மரத்துப்போனது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மச்சினன் தோப்பில் கள் குடித்துக்கொண்டிருந்தான், காலில் செருப்போடு.

"உன் செருப்பை ஏன்டா கழட்டல?"

"நான்தான் ஏறவே இல்லையே மாமா!"

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. புண் ஆற மாதக்கணக்கானது. கால் தப்பியதே பெரிது.

இப்போது தினமும் அவள் குளித்து வந்ததும் உள்ளங்காலை நானே பார்க்கிறேன். எந்த மலையானாலும் அவள் செருப்போடுதான் ஏறுவாள். சாமிக்குக் கோபம் வந்தால் என்னைக் கேட்கட்டும்.