சாம்பிள் மாதிரியே பாடச் சொன்னேன்

ஆம்பூரில் நான் தொட்டுப் பார்க்காத தோல் ரகம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஈரத்தோல் சுமந்தேன், வெட்டினேன், தைத்தேன். இன்றைக்கு ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட் ஒன்று என் பெயரில் இருக்கிறது. யாரும் கை தூக்கி விடவில்லை. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

என் மகளுடைய கிடார் குழு வளர்ந்ததும் என் இடத்தில்தான். எங்கள் கிடங்கில் நாலு பக்கமும் தோல் அடுக்கியிருக்கும். என்ன சத்தம் போட்டாலும் எதிரொலிக்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மூன்று பேரும் வந்துவிடுவார்கள். மகள் கிடார் வாசித்துப் பாடுவாள். அவளோடு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற பெண் டிரம்ஸ். வாணியம்பாடியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் ஒருவர் பேஸ் கிடார். முதலில் கல்யாண வீடுகளில் வாசித்தார்கள், பிறகு கல்லூரி விழாக்களில். மற்றவர்கள் பாட்டை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கட்ட ஆரம்பித்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிக்கும் பெண்களைப் பற்றி ஒரு பாட்டு. அதைக் கிடங்கிலேயே போனில் பதிவு செய்து, சென்னையில் இசை விழா நடத்துகிறவர்களுக்கு அனுப்பினார்கள்.

பதில் வந்தது. பாட்டு பிடித்திருக்கிறது, சத்துவாச்சாரிக்கு நேரில் கேட்க வருகிறோம், இந்தப் பக்கத்துக் குழுக்களில் ஒன்றைத்தான் விழாவுக்கு எடுப்போம் என்று.

எனக்கு இது தெரிந்த விஷயம். எங்கள் தொழிலில் முதலில் ஒரு ஜோடி சாம்பிள் போகும். வாங்குகிறவர் அதற்கு முத்திரை குத்தி அனுப்புவார். அதன்பிறகு ஆயிரம் ஜோடி போனாலும் அந்தச் சாம்பிளிலிருந்து ஒரு தையல் மாறக்கூடாது. மாறினால் சரக்கு திரும்பி வரும். ஆகவே அந்தப் பதிவைச் சாம்பிள் என்று முடிவு செய்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கையில் போன். பக்கத்தில், தோலில் குறை கண்டால் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்.

“இங்க ஜாஸ்தி இழுத்துட்ட” என்பேன்.

“பாடும்போது அப்டி வந்துச்சு நைனா.”

“வரக்கூடாது. சாம்பிள்ல இல்ல.”

பாட்டுத் தாளில் அந்த வரிக்கு நேராக ஸ்டிக்கர் ஒட்டுவேன்.

“மொதலாளி, எங்க நெத்தியில ஒட்டாம விட்டாரே” என்றாள் டிரம்ஸ் பெண்.

“தப்பு கம்மி ஆவலனா அதையும் செய்வேன்” என்றேன்.

மூன்று வாரம் இப்படியே போனது. என் கிடங்கில் என் பேச்சை யாரும் தட்டியதில்லை.

சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூட ஹால். சனிக்கிழமை மதியம். சென்னையிலிருந்து வந்திருந்த அம்மாள் முன்வரிசையில் இருந்தார். எங்கள் குழு வாசித்து முடித்தபோது வாட்சைப் பார்த்தேன். பதிவின் நீளம் அப்படியே, ஒரு செகண்டு கூடவில்லை, குறையவில்லை. நான் மட்டும்தான் பலமாகக் கைதட்டினேன்.

“போன்ல கேட்ட மாதிரியே இருக்கு” என்றார் அந்த அம்மாள்.

“ஒரு நூல் மாறாதுங்க” என்றேன் என் இடத்திலிருந்தே.

அவர் சிரிக்கவில்லை. “அதுக்கு நாங்க போன்லயே கேட்டிருப்போமே. இன்னொரு தடவ வாசிக்கிறீங்களா? உங்களுக்கு வர்ற மாதிரி.”

மகள் மைக்கிலேயே சொன்னாள். “நைனா, வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றியா?”

“இப்பவா?”

“இப்பதான்.”

கணக்கு வாத்தியார் குனிந்து கிடாரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அத்தனை பேர் நடுவில் எழுந்து போனேன். ஹாலுக்கு எதிரே டீக்கடை. காது சுட்டது, டீ சூடு தெரியவில்லை.

ஜன்னல் வழியாகப் பாட்டு வந்தது. பஸ் கிளம்புகிற இடத்தில் என் மகள் வரியை விட்டுவிட்டாள். டிரம்ஸ் மட்டும் ஓட, ஸ்டாப்புகளைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஆலங்காயம். விரிஞ்சிபுரம். உள்ளே இருந்தவர்களில் யாரோ தன் ஊரைக் கத்தினார். அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டாள். பிறகு ஹாலே ஆளுக்கு ஒரு ஊராகக் கத்தியது.

“இன்னா சார், உள்ள பஸ் உட்றாங்களா?” என்றார் டீக்கடைக்காரர்.

“என் பொண்ணுதான் ஓட்டுது” என்றேன். பாட்டு எவ்வளவு நீண்டது என்று பார்க்கத் தோன்றவில்லை.

மற்ற குழுக்களும் வாசித்து முடித்த பிறகு மகள் வெளியே வந்தாள்.

“எங்களத்தான் எடுத்திருக்காங்க நைனா.”

“நான் சொல்லல?”

“நீ இன்னா சொன்ன?”

அவளுக்கும் ஒரு டீ சொன்னேன். ஷூ போடுகிறவருக்கு இரண்டு காலுக்கும் ஒன்றுபோல வேண்டும். பாட்டுக்கு நேரில் வருகிறவர் வேறு எதற்கோ வருகிறார். பலருக்கு ஆயுசுக்கும் புரியாததை நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் புரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் சென்னை விழா. வண்டி என்னுடையது, ஓட்டப் போவதும் நான்தான். அங்கேயும் டீக்கடைக்குப் போகணுமா என்று நேற்று கேட்டேன்.

“வேணாம், உள்ளயே நில்லு. ஆம்பூர்னு கத்த அங்க வேற ஆள் கெடைக்குமா?” என்றாள்.

நான் கத்தினால் கடற்கரை வரைக்கும் கேட்கும் என்றேன்.