மஞ்சள் தேய்த்த மீன்

பெட்டியைத் திறக்கும்போது செங்கமலம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாடை அடிக்கும் என்று நினைத்துப் பொத்தியது. வாடையே இல்லை. ஆனால் உள்ளே இருந்ததைப் பார்த்ததும் பகீர் என்றது. காகிதத்தில் சுற்றி அடுக்கியிருந்த மீன் கட்டைகள் எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது.

"கப்பல்ல போட்டு நாசம் பண்ணி அனுப்பிச்சிக்கிறானுங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, லாரி புக்கிங் ஆபீஸ்களைத் தாண்டினால் ஜப்பான் சந்தை. பலகையில் வாயில் நுழையாத வேறு பெயர் எழுதியிருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. கம்பெனி வேலையாக வந்து குடும்பத்தோடு தங்கிவிட்ட ஜப்பான்காரர்களுக்காக, அவர்கள் ஊர்ப் பழைய மார்க்கெட் மாதிரியே நீளமான ஒரு ஷெட்டுக்குள் இரண்டு பக்கமும் கடைகள். ஒரு கடையில் ஒரு சரக்குதான். தேயிலைக்காரர் தேயிலையைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். கத்திக்கடையில் மீனுக்கு ஒரு கத்தி, முள்ளங்கிக்கு ஒரு கத்தி. ஊறுகாய்க் கடையில் காய்கறியைத் தவிட்டுக்குள் புதைத்து வைப்பார்கள். மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற அதே தவிடு. முதல் தடவை பார்க்கிற நம்மவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். செங்கமலமும் சிரித்தவள்தான்.

அவளுக்குச் சொந்த ஊர் சுங்குவார்சத்திரம் பக்கம். கல்யாணமாகி வந்த பிறகும் அதே பக்கம்தான். போன் கம்பெனி லைனில் நின்று நின்றே பல வருஷம் ஓட்டினாள். ஒரு நாள் காண்ட்ராக்ட் முடிந்தது என்றார்கள். வேறு கம்பெனி வாசலில் போய் நின்றால் ஆதார் அட்டையில் பிறந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு, சின்னப் பெண்கள்தான் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. கண்ணும் கையும் நன்றாக இருக்கும்போதே ஒருத்தியைக் கிழவியாக்கி அனுப்புவது என்ன நியாயம்? கடைசியில் இந்தச் சந்தையில் பெருக்கித் துடைக்க வந்தாள். கருவாடு விற்கும் ஒகாதா மேடம் அவளைப் பெருக்குகிற வேலையிலிருந்து கடைக்குள் இழுத்துக்கொண்டார்.

மேடத்துக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவர் பேசுகிற தமிழ் முழுக்க முழுக்கச் செங்கமலம் கற்றுக்கொடுத்தது. அதனால் "இன்னா கமலம்-சான், சாப்ட்டீங்களா?" என்று, பெயரோடு அவர்கள் ஊர் மரியாதைச் சொல்லையும் ஒட்டி, அவர் கேட்கும்போது புது ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மாதக் கடைசியில் மேடம் ஊருக்கே திரும்பிப் போகிறார். கடையை என்ன செய்வது என்பது ஒரே ஒரு ஆளின் கையில் இருந்தது. பல கம்பெனிகளின் ஜப்பான் கேண்டீன்களுக்குச் சரக்கு எடுக்கும் மொரிவாகி சனிக்கிழமை காலை கடைக்கு வந்து சூப் குடித்துப் பார்ப்பார். பிடித்துப்போய் வருஷ ஆர்டர் கொடுத்தால் கடை செங்கமலத்தின் பொறுப்பில் நடக்கும். பிடிக்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

அந்த சூப்புக்காகத்தான் மேடம் ஊரிலிருந்து இந்தப் பெட்டியை வரவழைத்திருந்தார். அவர் பெங்களூர் போயிருந்தார். சாவியைச் செங்கமலத்திடம் கொடுத்துவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை. சாவி அவள் இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது.

சரக்கு கட்சுவோபுஷி. சூரை மீனை அவித்து, புகை போட்டு, காய வைத்துக் கட்டையாக்கியது. சந்தையில் வேலை செய்கிற நம்மவர்கள் அதைக் கட்டைமீன் என்பார்கள். தச்சர் இழைப்புளி மாதிரி ஒரு பெட்டியின் மேல் தேய்த்தால் சுருள் சுருளாக விழும். அந்தச் சுருளைச் சுடுதண்ணீரில் போட்டு எடுப்பதுதான் சூப். இதுவரை கடைக்கு வந்ததெல்லாம் வழவழவென்று சுத்தமான கட்டைகள். பூசணம் பிடித்த கட்டையை அவள் கண்ணால் கண்டதில்லை.

பூசணம் பிடித்த கருவாட்டை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பினாள். புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. மேடம் வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினாள். அதிகமாகக் கெட்டிக்காரத்தனம் பண்ணுகிறவர்களுக்கு வருகிற சந்தோஷம் அது. அதற்கு ஆயுசு குறைச்சல்.

மத்தியானம் போன் வந்தது.

"கமலம்-சான், பெட்டி வந்துச்சா?"

"வந்துச்சு மேடம்."

"மேல பூசணம் நல்லா புடிச்சிகீதா? சாம்பல் கலரு?"

"இன்னா மேடம்?"

"பூசணம்! அவங்களே அத வளக்கறாங்க. துடைச்சி, காய வெச்சி, மறுபடி வளக்கறாங்க. மாசக் கணக்கா. அதுதான் உசுரு. தண்ணி மட்டும் படவே கூடாது. அப்படியே வைங்க, நான் காலையில வந்து துணியில துடைக்கறேன். பத்திரமா கீதா?"

"கீது மேடம்," என்றாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போனை வைத்ததும் மாடிக்கு ஓடினாள். கட்டைகள் மஞ்சள் மஞ்சளாக வெயிலில் கிடந்தன. ஒன்றை எடுத்தாள். காலையில் விறகுக்கட்டை போல் இருந்தது, இப்போது நகம் வைத்து அழுத்தினால் பதிந்தது. அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பத்திரமா கீதா என்று கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே!

பக்கத்தில், சோயாப் பாலில் செய்த கட்டி விற்கும் தோஃபு கடையில் வேலை செய்யும் மெர்சிதான் முதலில் விஷயத்தைக் கேட்டவள். கையிலிருந்த தோஃபுவைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டாள்.

"மஞ்சளா? யக்கா, மஞ்சளா போட்ட?"

"கத்தாதடி. வழி சொல்லு."

வழி தேடி இருவரும் சந்தை முழுக்க நடந்தார்கள். வெளியே தெரியாமல் விசாரிக்க வேண்டும். மிசோ கடையில், உப்பும் பருப்பும் புளித்த வாசனைக்கு நடுவே, கட்டைமீன் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர் பீப்பாயைக் காட்டிச் சிரித்தார். அவர் கடையில் மிசோ மட்டும். கடற்பாசி வறுத்துக் கொடுக்கும் கடையில் பாக்கெட் தூள் இருந்தது, கட்டை இல்லை. பீன்ஸ் இனிப்புக் கடைப் பெண், அது உங்கள் கடையில்தானே கிடைக்கும் என்று திருப்பிக் கேட்டாள். ஒரு கடைக்கு ஒரு சரக்கு என்ற வழக்கத்தை இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் செங்கமலம். இன்று அந்த வழக்கம் அவள் கழுத்தை நெரித்தது.

சந்தையின் பின்வாசலில் லோடு இறக்கும் இசக்கிதுரை இவர்கள் குறுக்கும் நெடுக்குமாக அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். செங்கமலம் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த மஞ்சள் கட்டையை வாங்கி முகர்ந்தான்.

"இதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரியுதிய? யக்கா, இது எங்க ஊரு மாசிக் கருவாடுலா! அதே சூரை மீனு. எங்கம்மை கொடுத்துவிட்டது ரூம்ல ஒரு பொட்டலம் கெடக்கு. மேத்தோல லேசாச் செதுக்கிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

கொண்டுவந்தான். பார்த்தால் உண்மையிலேயே அக்கா தங்கை மாதிரிதான் இருந்தது. செதுக்கி, பெட்டியில் இழைத்து, சாயங்காலம் கடைக்குப் பின்னால் கொஞ்சம் சூப் வைத்தார்கள். செங்கமலம் குடிக்க முடியாது. புரட்டாசி முழுக்க அவள் வீட்டில் கவிச்சி கிடையாது. கடையில் மீனைத் தொடுவாள், வாயில் வைக்க மாட்டாள். மெர்சிதான் குடித்தாள். குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"இன்னாடி? சொல்லேன்."

"நல்லாத்தான் கீது. கொஞ்சம் உப்பு தூக்கல். அந்தப் பொகை வாசனை கம்மி." மெர்சி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மேடத்துக்குத் தெரியுமான்னு கேக்காத. எனக்குத் தெரியாது."

பூசணத்தை நானே துடைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று செங்கமலம் மாசியைப் பெட்டிக்குள் அடுக்கினாள். மஞ்சள் கட்டைகளைக் கோணியில் கட்டிக் கல்லாவுக்கு அடியில் தள்ளினாள். வீட்டுக்குப் போனதும் கணவன் பாண்டுரங்கன் ஏதோ கேட்டான், எரிந்து விழுந்தாள். தண்டலத்தில் நர்சிங் படிக்கும் மகள் தென்றல் போன் பண்ணி, "இன்னாம்மா, கடை உனக்கேவா?" என்று கேட்டாள். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் குளித்து, நாமம் இட்டு, பெருமாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். கும்பிடும்போது என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும் என்று பெருமாளிடம் எப்படிக் கேட்பது?

மேடமும் மொரிவாகியும் ஒன்றாகவே வந்து இறங்கினார்கள். தனியாக ஒரு வார்த்தை பேச முடியாமல் போயிற்று. மேடம் ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். அடுப்பில் தண்ணீர் சுட ஆரம்பித்தது. மொரிவாகி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். மெர்சி தன் கடை வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

மேடம் பெட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். துடைக்கத் துணியை மற்றக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். கட்டையை முகத்தருகே கொண்டுபோனார். மூச்சை இழுத்தார். பிறகு மெல்லத் திரும்பிச் செங்கமலத்தைப் பார்த்தார்.

தெரிந்துவிட்டது. இப்போது கேட்பார், இப்போது திட்டுவார் என்று காத்திருந்தாள்.

மேடம் துணியை மடித்து வைத்தார். கட்டையை இழைப்புப் பெட்டியின் மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சர் சர் என்று சுருள் விழுந்தது. மொரிவாகியிடம் ஜப்பானியத்தில் ஏதோ சொன்னார். அதில் அவர் சொந்த ஊரின் பெயர் இருந்தது. அந்த ஊர் மீன் என்றுதான் சொல்கிறார் என்பது செங்கமலத்துக்குப் புரிந்தது.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தேதி ஒரு நாள் தாண்டிய பாக்கெட்டைக் கண்டாலே குப்பையில் போடுகிற மனுஷி. அளவு குறைந்துவிட்டது என்று வாடிக்கையாளர் பின்னாலேயே வெயிலில் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். அவர் இன்று பொய் சொல்கிறார். தலை குனிந்துகொண்டு, கை நடுங்காமல் சொல்கிறார். இவள் கழுவிய மீனுக்காகச் சொல்கிறார்.

சுருளை அள்ளி மேடம் தண்ணீருக்கு மேல் கொண்டுபோனார்.

"சிகௌ!" என்றாள் செங்கமலம்.

சந்தையில் காலை முதல் மாலை வரை காதில் விழுகிற சொல் அது. தவறான சரக்கு, தவறான சில்லறை, எது மாறிப்போனாலும் சிகௌ. அது இல்லை, வேறு என்று அர்த்தம். மொரிவாகி நிமிர்ந்தார். மேடத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"அது இல்ல மேடம். அது உங்க மீனு இல்ல. நான் கழுவிட்டேன். மஞ்சள் போட்டுத் தேய்ச்சி வெயில்ல காய வெச்சிட்டேன். தெரியாம செஞ்சேன், ஆனா போன்ல தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்." அழுதுகொண்டே குனிந்து கோணியை இழுத்து அவிழ்த்தாள். கட்டைகள் மேஜை மேல் உருண்டன.

மேடம் அவற்றில் இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். நல்ல கட்டை என்றால் கணீர் என்று கேட்கும். இது பொத்தென்றது. இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு மொரிவாகியின் முன்னால் போய் நின்று, இடுப்பு வரை வளைந்து தலை குனிந்தார். நிமிரவே இல்லை. நெடுநேரம் அப்படியே பேசினார். மொரிவாகி எழுந்து நின்று தானும் குனிந்தார். ஒரு மஞ்சள் கட்டையை எடுத்து முகர்ந்தார், மாசியையும் முகர்ந்தார், இரண்டு வார்த்தை கேட்டார். சூப் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

செங்கமலம் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "நான் போயிடறேன் மேடம். உங்க கடைய நானே மூடிட்டேன்."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மோந்து பாத்தப்பவே தெரியும் எனக்கு. சும்மா இருந்துடலாம்னு நெனச்சேன். கடை நிக்கணும்னு ஆசை. இத்தன வருசத்துல இப்படி நெனச்சது இல்ல." முகத்தைத் துணியால் துடைத்தார். "வெக்கமா கீது கமலம்-சான்."

செங்கமலம் போய் அடுப்பை அணைத்தாள்.

"அடுத்த பெட்டி வரட்டும், திருப்பி வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் இங்க இருக்க மாட்டேன்னு சொன்னேன். அப்போ யாரு இழைப்பான்னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க மேடம்?"

மேடம் சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நான் பொய் சொன்னாக்கூட சிகௌன்னு கத்துவாங்களே, அவங்கன்னு சொன்னேன்."