குரைக்கிற விளையாட்டும் குரைக்காத சண்டையும்

கால்நடை வைத்தியத்தில் ஒரு சௌகரியம், நோயாளி பொய் சொல்லாது. ஒரு அசௌகரியம், கூட வருகிறவர் பார்த்ததை விட்டுவிட்டுப் பயந்ததைச் சொல்வார்.

புதுக்கோட்டை டவுனில் பதினாறு வருஷமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் மாடு, ஆடு, கோழிதான். இப்போது பாதிக்குப் பாதி நாய். அதிலும் அடிக்கடி வருகிற போன், பெரிய நாய் குட்டியைக் கொல்கிறது, ஓடி வாருங்கள் என்பதுதான். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கும்போதே மனசு கேட்காமல் குட்டி ஒன்றையும் தூக்கி வந்துவிட்டு, அப்புறம் ஒரு வாரம் கையில் விளக்கமாற்றோடு ரெண்டுக்கும் நடுவில் நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உறுமுகிறது, உருட்டுகிறது, கழுத்தைக் கவ்வுகிறது. இது விளையாட்டா, வெறியா? படிக்கிற காலத்தில் எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். இதை நான் கற்றுக்கொண்டது வைத்தியம் பார்க்கப் போன வீடுகளில்தான்.

சங்கிலியில் கட்டிய குற்றவாளி

கறம்பக்குடி பக்கம் தங்கராசு என்று ஒரு விவசாயி. தென்னந்தோப்புக் காவலுக்குக் கருப்பன் என்று ஒரு நாய் வைத்திருந்தார். நின்றால் கன்றுக்குட்டி உயரம் இருக்கும். அவர் மனைவி மல்லிகா, பிறந்த வீட்டுக்குப் போனவர், ரெண்டு மாசக் குட்டி ஒன்றைக் கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் எனக்குப் போன். நான் போய் இறங்கியபோது கருப்பன் குட்டியின் கழுத்துத் தோலைக் கவ்வியபடி மோட்டார் ஓடுகிற மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. குட்டி வீறிட்டது. நான் பார்த்த மாத்திரத்தில் பெரியதைக் கட்டச் சொன்னேன். தங்கராசு தென்னை மரத்தில் சங்கிலியைப் போட்டார். குட்டியை மோட்டார் ரூம் திண்டில் வைத்துக் காது, கழுத்து, அடிவயிறு எல்லாம் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. உடம்பு பூரா எச்சில்தான்.

இருந்தாலும் வந்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. பத்து நாளைக்கு ரெண்டையும் பிரித்து வையுங்கள், பார்க்கவே விடாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குட்டி திண்டிலிருந்து குதித்து நேராகக் கருப்பனிடம் ஓடியது. முன்னங்கால் ரெண்டையும் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, "வா" என்பதுபோல் ஒரு குரைப்பு. அவ்வளவு பெரிய கருப்பன் பொத்தென்று மல்லாந்தது. குட்டி அதன் நெஞ்சில் ஏறிக் காதைப் பிடித்து இழுத்தது. பத்து மடங்கு கனமுள்ள ஒன்று, சின்னது ஜெயிக்கட்டும் என்று தானே விழுந்து கிடந்ததை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். மல்லிகா என் முகத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. நிதானமாகக் கேட்டார்: "கொல்ல வாரவன்கிட்ட யாராச்சும் இப்படிக் குண்டியத் தூக்கிக்கிட்டுப் போயி நிப்பாங்களா டாக்டரம்மா?"

சேவியர் டீ குடித்த அழகு

மல்லிகா கேட்ட கேள்வியைத்தான் அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் சோதனையாக வைத்துக்கொண்டேன். பெரியதைப் பிடித்துக்கொள், குட்டியை விட்டுப் பார். அது திரும்பவும் அதனிடமே போனால் நமக்கு அங்கே வேலை இல்லை. இதைச் சொன்னபோது தலையாட்டியவர் என் கம்பவுண்டர் சேவியர். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர். ஊசி போடுவதிலிருந்து வேன் ஓட்டுவது வரை எல்லாம் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை கிளினிக்கில் நல்ல கூட்டம். ஒரு வீட்டுக்காரர் தன் அல்சேஷனையும் புதிதாக வாங்கிய குட்டியையும் சேர்த்தே அழைத்து வந்திருந்தார். உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் ரெண்டும் கட்டிப் புரள ஆரம்பித்தன. பல் தெரிகிறது, உறுமல் கேட்கிறது. பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பூனையோடு வந்த ஒரு அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியை ஓங்கிவிட்டார். நான் உள்ளே ஒரு ஆட்டுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன், கையை எடுக்க முடியவில்லை. சேவியரோ கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைக்காமல் அந்த நாற்காலியை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாராம். ஏன் சும்மா நிற்கிறாய் என்று அந்த ஆள் சத்தம் போட, இவர் சொன்னது உள்ளே எனக்கே கேட்டது: "மாறி மாறி விழுந்தா விளையாட்டுங்க, ஒருத்தனே விழுந்துக்கிட்டு இருந்தாத்தான் நான் டீயக் கீழ வைக்கணும்."

கருவாட்டுக் களத்து வழக்கு

மணமேல்குடிக்கு ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். கடற்கரையோரம் கருவாடு காயப்போடுகிற அன்னம்மாள் என்பவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கு அவர் சோறு வைக்கிற ராணி என்ற தெரு நாயைப் பற்றி. யாரோ கொண்டுவந்து விட்டுப் போன குட்டி ஒன்றை ராணி சேர்த்துக்கொண்டிருந்தது. பெற்ற குட்டி இல்லை. அது இப்போது அந்தக் குட்டியைக் கடித்துக் குதறுகிறது, பிள்ளைகள் நடமாடுகிற இடம், வெறி பிடித்திருக்கும், பிடித்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் வாதம். டாக்டர் வேனே வந்துவிட்டதால் அவருக்கு ரொம்ப சௌகரியம். அப்படிப் பிடித்துப் போனால் ராணிக்கு என்ன ஆகும் என்று அன்னம்மாளுக்குத் தெரியும். ராணியை மறைத்துக்கொண்டு நின்றார்.

நான் ஒரு மீன் தலையை வாங்கி ராணிக்குப் போடச் சொன்னேன். குட்டி நேராகப் போய் அதில் வாயை வைத்தது. ராணி தின்பதை நிறுத்தி, அசையாமல், அடித்தொண்டையில் ஒரு உறுமல். குட்டி கேட்கவில்லை. அடுத்த நொடி ராணியின் வாய்க்குள் குட்டியின் முகமே காணாமல் போனது. அப்படியே மணலில் அழுத்தியது. கூட்டம் பதறியது. குட்டி உடம்பைத் தளர்த்தி முகத்தை அங்கிட்டுத் திருப்பியதும் ராணி வாயை எடுத்துவிட்டுப் பழையபடி தின்னப் போய்விட்டது. தின்று முடித்து வந்து குட்டியின் காதை நக்கிக் கொடுத்தது. சேவியர் குட்டியைத் தூக்கி ஈரப் பஞ்சால் முகம் முழுக்கத் துடைத்து எல்லாருக்கும் காட்டினார். பல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. முள்ளோடு தலையை நொறுக்குகிற வாய் அது. அதை இவ்வளவு அளவாக மூடத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. முதலில் ஒரு எச்சரிக்கை, கேட்காவிட்டால் ஒரு அழுத்து, பணிந்ததும் விட்டுவிடுவது. இது வெறி இல்லை என்று நான் விளக்கினேன். இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்னம்மாள் ஒரு அடி முன்னால் வந்தார். அவரிடமே திரும்பிச் சொன்னார்: "எம் மக என் தட்டுல கைய வச்சா நானுந்தான் அதட்டுவேன், என்னையும் அந்த வேன்ல ஏத்திருவீங்களா?"

சத்தமே வராத வீடு

சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நாட்களில்தான் திருமயத்துக்குப் பக்கத்தில் ராமநாதன் சார் வீட்டுக்குப் போனேன். ரிட்டயரான கணக்கு வாத்தியார். எட்டு வயசு லாப்ரடார் ஒன்று, பெயர் பிரௌனி. மூன்று மாசக் குட்டிக்கு ஊசி போடத்தான் கூப்பிட்டிருந்தார். குட்டி வந்து ஒரு மாசமாகிறது, ஒருநாள்கூட ஒரு குரைப்பு கிடையாது, ரெண்டும் அவ்வளவு டீசன்ட் என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. குட்டி சுவரோரமாக, வாலைக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு நடந்தது. தண்ணீர்ப் பாத்திரம் எதிரிலேயே இருந்தும் அடுப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. பிரௌனி ஃபேனுக்குக் கீழே கட்டை மாதிரி நின்றது. வாய் மூடி, கழுத்து விறைத்து, கண் மட்டும் குட்டியோடு போய்க்கொண்டிருந்தது. குட்டியின் காது மடலில் ஆறிவருகிற ஒரு கிழிசல். கேட்டால் கிரில் கம்பியில் கிழித்துக்கொண்டது என்றார். நான் பிரௌனியைப் பிடியுங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் குட்டி தைரியம் வந்து அதன் காதுப் பக்கம் மூக்கை நீட்டிவிட்டது. உறுமல் இல்லை, எச்சரிக்கை இல்லை. குட்டியின் கன்னம் பிரௌனியின் பல்லில் இருந்தது. குட்டி துவண்டு பணிந்த பிறகும் விடவில்லை. சாரும் நானும் சேர்ந்துதான் பிரித்தோம். மூன்று தையல் போட்டேன்.

தையல் போட்டுவிட்டுப் பிரௌனியின் காதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சீழ், செக்கச்செவேலென்று புண், நாற்றம். ஒரு மாசத்துக்கு மேலான வலி. வந்த நாளிலிருந்து குட்டி விளையாட வந்து தொங்கியதெல்லாம் அந்தக் காதில்தான். எட்டு வருஷமாக யாரையும் கடிக்காத நாய், கத்தாமல் அதைத் தாங்கிக்கொண்டே இருந்து ஒருநாள் முடியாமல் போயிருக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் மரப் பலகையால் தடுப்பு வைக்கச் சொன்னேன். வலி போனாலும் பழைய பயம் போகுமா என்பது நிச்சயமில்லை, சேராமலும் போகலாம் என்பதையும் சொல்லிவிட்டேன். முழங்கால் வலிக்காரரான சார், மருந்து விட்டு முடிக்கும்வரை காலையும் மாலையும் தரையில் உட்கார்ந்து பிரௌனியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒருநாள் தவறாமல் சொட்டு மருந்து விட்டார். அஞ்சாவது வாரம் வீடியோ அனுப்பினார். பிரௌனி வாய் திறந்து நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்துக் கிடக்க, குட்டி அதன் மேல் ஏறிக் குரைத்துக்கொண்டிருந்தது. நல்லது சார் என்று போன் செய்தேன். அவர் சொன்னார்: "முப்பது வருஷமா சத்தம் போடற பையன்களையே கண்டிச்சேன் டாக்டர், சத்தமே போடாம ஒக்காந்திருந்தவன்கிட்ட ஒனக்கு என்னடான்னு ஒருநாள்கூடக் கேக்கலை."

யார் விருந்தாளி

எல்லாமே இப்படி முடிந்துவிடாது. விராலிமலையில் பழனிவேல் என்பவர் கத்தாரில் நாலு வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். அவர் மனைவி கலைச்செல்வி இங்கே தனியாக இருந்த காலம் முழுக்கக் கூட இருந்தது மணி என்ற நாட்டு நாய். வேலைக்குப் போகிற கலைச்செல்வியோடு தினமும் ரோடு வரை வந்து, பஸ் ஏற்றிவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸுக்குப் போய் நிற்குமாம். பழனிவேல் வந்த சந்தோஷத்தில் ஒரு குட்டியை வாங்கிவந்தார். தோள்மேல் போட்டுக்கொண்டே திரிவார், அவ்வளவு ஆசை. மணி குட்டியை விடாமல் துரத்துகிறது என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மணியை நான் உச்சி முதல் வால் வரை பரிசோதித்தேன். காது, பல், மூட்டு எல்லாம் சுத்தம். ரத்தத்திலும் ஒன்றுமில்லை. ஆனால் குட்டி எந்த மூலைக்குப் போனாலும் தேடிக்கொண்டு போய் மேலே நின்றது. ஒருமுறைகூடத் தான் கீழே விழுந்து கொடுக்கவில்லை. ரெண்டு தடவை கவ்வி உதறியிருக்கிறது. கயிற்றில் கட்டித் தள்ளித் தள்ளி நடக்கவிட்டு, தனித்தனியாகச் சோறு வைத்து ரெண்டு மாசம் போராடினோம். கலைச்செல்வி ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் மாறவில்லை. கடைசியில் இது விளையாட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை, இந்த வீட்டில் ரெண்டும் சேர்ந்து இருந்தால் குட்டி ஒருநாள் செத்துப்போகும் என்று நான் சொல்ல வேண்டிவந்தது.

பழனிவேலின் அண்ணன் மணியைத் தோப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். நானும் அதுதான் நடக்கும் என்று நினைத்தேன். கலைச்செல்வி தலை குனிந்து நின்றார். பழனிவேல் மனைவியை ஒரு தடவை பார்த்தார். வாசலில் குறுக்கே படுத்திருந்த மணியை ஒரு தடவை பார்த்தார். குட்டியை எடுத்துத் துண்டில் சுற்றி, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தன் தங்கை வீட்டில் தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது. அண்ணன், ஆசைப்பட்டு வாங்கியதை ஒரு நாய்க்காகக் கொடுப்பாயா என்று கேட்டதற்கு, அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நான் வந்து மூணு மாசந்தாண்ணே ஆகுது, அது நாலு வருஷமா இந்த வீட்டுல இருக்கு, யாரு விருந்தாளின்னு அதுக்குத் தெரியும்."

ஆக, கவ்வியதைக் கண்டிப்பு என்று எனக்குச் சொன்னதும் ஓடிப் போனதை விளையாட்டு என்று சொன்னதும் அந்தந்த வீட்டுக்காரர்களாகவே இருக்க, கிளினிக் வாசலில் தொங்குகிற போர்டில் மட்டும் என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.