சார்ஜ் ஏறிய பாட்டு பிளேயர்

அச்சகத்தில் அவளுக்குக் 'கமா அக்கா' என்று பெயர். பத்தொன்பது வருஷமாகக் கணினியில் பக்கம் அமைக்கிறவள். எந்த வரியில் கமா விழவில்லை என்று மூன்றடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். பஸ் ஓட்டுநரான அவள் கணவர் எழுதித் தரும் மளிகைச் சீட்டைக்கூடத் திருத்திவிட்டுத்தான் கடைக்குப் போவாள்.

வருஷத்தில் இரண்டு மாதம் அங்கே பள்ளி இறுதித் தேர்வின் வினாத்தாள் அச்சாகும். அப்போது பின்பக்க அறைக்குத் தனிப் பூட்டு. ஜன்னலில் கம்பிவலை. உள்ளே ஒரே ஒரு கணினி. அதற்கு இன்டர்நெட் வாடையே கிடையாது. யார் நுழைந்தாலும் செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். முதலாளியும் கொடுப்பார்.

கமா அக்காவிடம் தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டு பிளேயர் இருந்தது. முதல் வருஷம் வாட்ச்மேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேச முடியுமாக்கா?"

"பாடத்தான் முடியும்."

"அப்ப எடுத்துட்டுப் போங்க. நீங்க பாடாம இருந்தா சரி."

அதோடு விட்டது. காதில் பாட்டு இருந்தால்தான் அவளுக்குக் கை ஓடும். அந்த அறையில் இருந்த ஒரே பிளக்கை மின்விசிறி பிடித்துக்கொண்டதால், சார்ஜ் இறங்கினால் பிளேயரைக் கணினியிலேயே சொருகுவாள். பாட்டு அலுத்துப்போனால் வீட்டில் மகளின் லேப்டாப்பில் சொருகிப் புதுசு ஏற்றிக்கொள்வாள். எட்டு வருஷம் இப்படியே போயிற்று.

இந்த வருஷம் தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கையில், தாள்கள் அச்சாகிக் கட்டுகளாகி அரக்குமுத்திரையும் விழுந்த பிறகு, கணினி மக்கர் பண்ணியது. மெக்கானிக் வந்து தூசி தட்டினார். மேஜைமேல் கிடந்த பிளேயரைப் பார்த்துச் சிரித்தார்.

"இது இன்னும் உயிரோட இருக்கா? செஞ்ச கம்பெனியே கடையை மூடிட்டுப் போயிட்டான்."

"நல்லாத்தான் பாடுது."

"பாடும்க்கா. உள்ள ஓடுற சாஃப்ட்வேர்லதான் ஓட்டை. போன்ல மாசாமாசம் அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு உயிரை எடுக்குதுல்ல? அது இந்த மாதிரி ஓட்டையை அடைக்கத்தான். இதுக்கு அடைக்க ஆளே இல்ல. நெட் இருக்கற கம்ப்யூட்டர்ல சொருகினா வைரஸ் இதுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அப்புறம் எங்க சொருகினாலும் அங்க இருக்கற ஃபைலை நகல் எடுத்து மறைச்சு வச்சுக்கும். மறுபடி நெட் கிடைச்சதும் அனுப்பிடும். சும்மா சார்ஜ் போட்டாலே போதும்."

அவர் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதைபோலச் சொன்னார். அவள் பிளேயரை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"நான் இதுல சொருகினதே இல்ல" என்றாள், அவர் கேட்காமலேயே.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு, லேப்டாப்பில் நெட்டை நிறுத்தச் சொல்லிப் பிளேயரைக் கொடுத்தாள். "மறைஞ்சிருக்கற ஃபைலையும் காட்டச் சொல்லலாமாமே. காட்டச் சொல்லு."

கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற மகள் எதையோ தட்டினாள். பாட்டுகளுக்குக் கீழே பெயரில்லாத ஃபோல்டர் ஒன்று முளைத்தது. திறந்தால் இருபத்திரண்டு ஃபைல். 'கணக்கு இறுதி.' 'கணக்கு இறுதி திருத்தியது.' 'வேதியியல் இறுதி.' எல்லாம் வினாத்தாள்களுக்குக் கமா அக்கா வைத்த பெயர்கள்.

"யாரும்மா பாடினது இதெல்லாம்?" என்று மகள் ஒன்றைத் திறக்கப் போனாள்.

"தொடாதடி!" கையைத் தட்டிவிட்டாள். கடைசியாக வீட்டில் பாட்டு ஏற்றியது நாலு நாள் முன்பு. அன்று நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "சுத்தியலால ஒரு போடு போட்டுச் சாக்கடையில வீசு. நமக்கு மட்டும்தானே தெரியும்?"

"எடுத்தவனுக்குத் தெரியுமே."

"வாயைத் திறந்தா போலீஸ் வரும். லேப்டாப் யாரோடது? நம்ம பொண்ணுதான் வித்துட்டான்னு சொல்லுவாங்க. அப்ப என்ன பண்ணுவ?"

இரண்டு நாள் சொல்லாமலே வேலைக்குப் போய் வந்தாள். அச்சகத்தில் போன் அடித்தால் வேலையை நிறுத்திக் காது கொடுத்தாள். வாட்ச்மேன் பேப்பரைப் பிரித்தால் தலைப்பை எட்டிப் பார்த்தாள். ஒரு பில் புத்தகத்தில் மூன்று பிழை விட்டாள். "கமா அக்காவுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று பைண்டர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு லாரி வந்து நின்றது. கட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின. சாயங்காலத்துக்குள் அவை நூறு ஊருக்குப் பிரிந்துவிடும். பாதி ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றவள், முதலாளி அறைக்குப் போய்ப் பிளேயரை மேஜைமேல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

சொன்னாள். அவர் டீ கிளாஸை வைத்த இடத்தில் மேஜை இல்லை. அது உடைந்ததைக்கூடப் பார்க்காமல் எழுந்து வாசலுக்கு ஓடி லாரியை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"மூணு நாளா, சார்."

"மூணு நாளா" என்றார் அவரும். திட்டியிருந்தால் தேவலாம்.

தேர்வைத் தள்ளி வைத்தார்கள். வேறு வினாத்தாள் வேறெங்கோ அச்சாகப் போனது. இனி அந்த வேலை இங்கே வராது என்று பைண்டர்களுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. அவளிடம் யாரும் கண்ணாடி பற்றிப் பேசவில்லை.

விசாரணை அலுவலகத்தில் முதலில் மகளைத்தான் உள்ளே அழைத்தார்கள். தனியாக. கமா அக்கா வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் வெளியே வந்த அதிகாரியிடம், "வெளிய போயிடுச்சா சார்?" என்று கேட்டாள்.

"போச்சுன்னும் சொல்ல முடியல, போகலன்னும் சொல்ல முடியலம்மா. லேப்டாப்பை இன்னும் பாக்கணும்."

மகள் வந்தபோது உதடு காய்ந்திருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"எத்தனை பேருக்குக் கொடுத்தேன்னு கேட்டாங்க. யாருக்கும் இல்லன்னேன். திரும்பவும் அதையேதான் கேட்டாங்க." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கும் பத்து மணிக்கு வரணுமாம்."

"நானும் வரேன்."

"உன்னை உள்ள விடமாட்டாங்கம்மா."

"தெரியும்" என்றாள். "வெளிய உக்காந்திருப்பேன்."